வழிகாட்டுற மில் முதலாளியோட உறவு நெடுங்காலம் நிலைக்க என்ன செய்யணும்?

களுவாஞ்சிகுடி மாக்காரி:
வணக்கம். வறுத்த அரிசிமா, சிவப்பரிசி இடியப்ப மா பொதி செய்து கல்லாறு, கல்முனைக் கடைகளுக்குப் போடுறேன். கிழமைக்கு 50 கிலோ அரிசி ஓடுது. சம்மாந்துறையில மில் வைத்திருக்கிற ஹாஜியார் ஒருவர் எட்டு மாதமா வியாபாரம் சொல்லித்தாறார். அரிசியும் அவரிடம்தான், இரண்டு கிழமைக் கடன். தை மாதக் கடைசியில இருந்து போன் எடுத்தா "பிறகு கதைப்பம் மகள்" எண்டு வைக்கிறார். அவர மாதிரி ஒருவர் திரும்பக் கிடைக்கமாட்டார். நான் அவருக்கு ஏதும் காசு, பங்கு கொடுக்கணுமா? வங்கிக் கடனுக்கு அவரையே பிணை கேட்கவும் யோசிக்கிறேன்.

கல்முனைக் கணக்குக் கொப்பி:
தங்கச்சி, முதல்ல மாதத்தப் பாருங்க. தை கடைசியில இருந்து பங்குனி வரை இங்க பெரும்போக அறுவடை. ஈரநெல் லொறி லொறியா வந்து இறங்கும். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல இருந்தா நெல்ல அடுக்கி வைக்கேலாது, பூசணம் பிடிக்கும், நிறம் மாறும். அதனால மழை முகிலப் பார்த்துப் பார்த்துக் களத்துலயே நிக்கிற ஆள் போன் கதைக்கமாட்டார். அத வெறுப்பு எண்டு நினைக்க வேணாம். சிறுபோக அறுவடை நேரமும் இப்படித்தான் இருக்கும். அந்தக் காலங்கள்ல கேள்விகளச் சேர்த்து வையுங்க. மற்ற மாதங்கள்ல மாதம் ஒருக்கா, ஒரே கிழமை நாள், ஒரே நேரம், முக்கால் மணித்தியாலம் எண்டு கேட்டு வாங்குங்க. வெள்ளிக்கிழமை வேணாம். நினைச்ச நேரமெல்லாம் எடுக்கிற போன்தான் பெரியாக்களச் சலிப்பாக்குது.

இரண்டாவது, கேட்கிற விதம். "யாவாரம் ஓடுதில்ல, என்ன செய்ய ஹாஜியார்?" எண்டு கேட்டா உங்கட கடைய அவர் தலையில சுமக்கணும். அதுக்குப் பதிலா கொப்பியில ஒரு பக்கம் எழுதிக் கொண்டு போங்க. விலைகள் உதாரணத்துக்கு: அரிசி 50 கிலோ 220 ரூபாப்படி 11,000. அரைகூலி 1,000. விறகு 1,200. ஆள்கூலி 3,000. வறுத்து அரிச்ச பிறகு மா 46 கிலோ, அதாவது அரைக்கிலோப் பொதி 92. பை, லேபல் 15 ரூபாப்படி 1,380. மொத்தம் 17,580. பொதிக்கு 191 ரூபா அடக்கம். கடைக்கு 210க்குப் போட்டா முழுவதும் வித்தால் 1,740 ரூபா மிச்சம். எட்டுப் பொதி திரும்பி வந்தா? 84 பொதிக்கு 17,640. மிச்சம் 60 ரூபா.

இந்தப் பக்கத்தப் பார்த்த அனுபவஸ்தர் விலையப் பற்றிக் கதைக்கமாட்டார். "எந்தக் கடையில இருந்து திரும்பி வருது, எத்தனை நாளில வருது?" எண்டுதான் கேட்பார். ஒரு கடைக்கு 12 பொதி போடுறத 6 ஆக்கி, கிழமையில இரண்டு தரம் போடச் சொல்லலாம். அப்படி ஒரு பதில் வாங்கத்தான் கணக்கோட போகணும்.

மூன்றாவதுதான் கனபேர் விடுற பிழை. சொன்னதச் செய்து பார்த்து, என்ன நடந்தது எண்டு திருப்பிச் சொல்றதில்ல. பத்து நாளைக்குள்ள ஒரு செய்தி போகணும்: "ஹாஜியார், நீங்க சொன்னபடி மூன்று கடைக்கு 6 பொதியாக் குறைச்சேன். திரும்பினது 8ல இருந்து 3. கல்லாற்றுக் கடை மட்டும் சாமான் முடிஞ்சு ஒரு நாள் வெறுமையா இருந்தது." அவ்வளவுதான், பதில் கேட்க வேணாம். சொன்னதச் செய்யேலாமப் போனா அதையும் காரணத்தோட சொல்லுங்க. தன்ர சொல்லுக்கு என்ன நடந்தது எண்டு தெரியாத ஆள் ஆறு மாதத்துல வாய மூடிருவார். அதுல பிழை சொல்லேலாது.

ஏறாவூர் வாசி:
பிணை கேட்கவே வேணாம். பிணை நிக்கிறவர்ட கிரிப் அறிக்கையில, அதாவது வங்கிகள் பார்க்கிற கடன் விபர அறிக்கையில, உங்கட கடனும் ஏறும். மில்காரர் ஒவ்வொரு போகமும் நெல் வாங்கப் பெரிய கடன் எடுக்கிற ஆள். உங்கட இரண்டு தவணை பிந்தினா அவருக்கு வங்கியில கேள்வி வரும். குடும்பத்துக்குள்ள மாதச் சம்பளக்காரர் இரண்டு பேரப் பாருங்க.

காசு, பங்கும் வேணாம். பங்கு கொடுத்தா அவர் உங்கட பங்காளி, பிறகு சொல்ற புத்தி அவர்ட பங்குக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொரு புதுப் பொதியிலயும் முதல் இரண்ட அவர் வீட்டுக்குக் கொடுங்க, ருசி சொல்லச் சொல்லுங்க.

சம்மாந்துறை வண்டில்:
ஒரு விஷயத்த யாரும் தொடல்ல. அவர் உங்களுக்கு அரிசி விக்கிறவரும்தான். இரண்டையும் பிரிச்சு வையுங்க சகோதரி. அரிசிக் காசு சொன்ன திகதிக்கு ஒரு நாள் முந்தி மில் கிளாக்கர் கையில போகட்டும், துண்டு வாங்குங்க. கடன் பிந்தினா நீங்களே வெட்கத்துல போன் எடுக்கமாட்டீங்க. உறவு முறியிறது கூடுதலா அந்த இடத்துலதான்.

அரிசி விலைய அவரிடமே யோசனை கேட்க வேணாம். வேறு இரண்டு மில்லுல விலை கேளுங்க, அதுல ஒளிவும் வேணாம்: "கிலோவுக்கு 6 ரூபா குறைவாக் கிடைக்குது, ஆனா குறுணல் (உடைஞ்ச அரிசி) கூடுதல்" எண்டு முகத்துக்கு நேரே சொல்லுங்க. வேற ஆளிட்டக் கேள்விப்பட்டா மனம் நோகும். அவர் சொல்ற கொள்விலைய வேற மில்லுல போய்க் கதைச்சிராதீங்க.

எல்லாக் கேள்விக்கும் அவரையே பிடிச்சுத் தொங்கவும் வேணாம். வறுக்கிற இயந்திரம் பற்றிக் கைத்தொழில் அபிவிருத்திச் சபை அதிகாரியக் கேளுங்க, இடச் சுத்தம் பற்றி பீ.எச்.ஐ.ய (பொதுச் சுகாதாரப் பரிசோதகர). ஹாஜியாரிட்டக் கடன் வசூல், கடைக்காரர் குணம், எப்ப சரக்கு வாங்கிப் போடுறது, இத வையுங்க. அது அவரிட்ட மட்டும்தான் கிடைக்கும்.

களுவாஞ்சிகுடி மாக்காரி:
மிச்சம் நன்றி எல்லாருக்கும். கடன் ஒரு தரம் ஒன்பது நாள் பிந்தினது உண்மைதான், அதுக்கு இன்னும் ஒரு சொல்லும் சொல்லல்ல. நோன்பு மாதமும் வருது. போகலாமா?

சம்மாந்துறை வண்டில்:
போகலாம். காலை பத்து, பதினொரு மணிக்கு மில்லுக்குப் போங்க. அசறுக்கு (பின்னேரத் தொழுகைக்கு) பிறகு வேணாம், எல்லாரும் நோன்பு திறக்கிற அவசரத்துல இருப்பாங்க. இந்தத் தரம் கேள்வி ஒண்டும் கொண்டு போகாதீங்க. பாக்கிக் காசு இருந்தா முதல்ல கிளாக்கரிட்டக் கட்டுங்க, பிறகு பிந்தினதுக்கு மன்னிப்புக் கேளுங்க, இடியப்ப மா இரண்டு கிலோ கொடுங்க. பெருநாள் முடிஞ்சு ஒரு கிழமையால கொப்பியோட வாறதா நாள் கேட்டுட்டு, பத்து நிமிஷத்துல எழும்பிருங்க.