ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30 போதுமா, டெல்டா வெயிலுக்கு 20டபிள்யூ-50 வேண்டுமா?

பாமணிக்கரை

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2014இல் வாங்கிய ஸ்பிளெண்டர் மோட்டார் சைக்கிள், 71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் இரண்டு பால் கேன்களைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைப் பாதையில் பதினான்கு கி.மீ., மாலையில் வயலுக்கு முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து போகும் ஓட்டம். கையேட்டில் இன்ஜின் எண்ணெய் 10டபிள்யூ-30 என்று இருக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கோ, அது குளிர்ப்பிரதேசத்துக்கு எழுதியது, நம் ஊர் வெயிலில் தண்ணீராகிவிடும் என்று சொல்லி, சென்ற இரண்டு முறையும் 20டபிள்யூ-50 ஊற்றினார். இன்ஜின் சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் காலையில் கிக்கர் கனக்கிறது. லிட்டருக்கு மூன்று கி.மீ. குறைந்துவிட்டதாகவும் தெரிகிறது. எதைத் தொடர்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

வலங்கைமான் பயிற்றுநர்

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் பிரிவில் பாடம் எடுத்தவன் என்ற முறையில், அந்த எண்களைப் பற்றிய பிழையை முதலில் திருத்திவிடுகிறேன். பின்னால் வரும் 30, 40, 50 ஆகியவை ஊர் வெயிலில் அளந்தவை அல்ல. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரப்படி எண்ணெயை 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அளந்தவை. அந்தச் சூட்டில் அதன் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருந்தால் 30, அங்கிருந்து 16.3 வரை 40, அதற்கும் மேல் 21.9 வரை 50. முன்னால் வருவது உறைகுளிர்ச் சோதனையின் எண். இன்ஜினைச் சுழற்ற முடிகிறதா என்று 10டபிள்யூ எண்ணெயை மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூ எண்ணெயை மைனஸ் 15 டிகிரியிலும் பார்க்கிறார்கள். மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கும் ஊரில் இருந்துகொண்டு, 10டபிள்யூ என்றால் குளிர் ஊருக்கானது, 20டபிள்யூ என்றால் வெயில் ஊருக்கானது என்று பிரிப்பதில் பொருளில்லை.

வேறுபாடு எங்கே தெரியும் என்றால், நீங்கள் கிக்கரை மிதிக்கும் அந்த நேரத்தில்தான். 40 டிகிரியில் அளந்தால் 10டபிள்யூ-30 எண்ணெய் ஏறத்தாழ 70 சென்டிஸ்டோக் இருக்கும்; 20டபிள்யூ-50 ஏறத்தாழ 160 இருக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியில் அந்தக் கெட்டி எண்ணெய் சிலிண்டர் தலையில் (ஹெட்) வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டை எட்டத் தாமதமாகிறது. சத்தம் குறைந்ததை நன்மை என்று எண்ண வேண்டாம். தடித்த எண்ணெய் ஒலியைத் தணிக்கும், தேய்மானத்தையும் தணிக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. கையேட்டில் உள்ளதையே ஊற்றுங்கள்.

நீடாமங்கலம் பணிமனை

பயிற்றுநர் ஐயா சொல்லும் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 100 டிகிரி ஆய்வகத்துக் கண்ணாடிக் குழாயில் இருக்கிறது; பாமணிக்கரை நண்பரின் இன்ஜினில் அதற்கு மேலும் ஏறும். ஸ்பிளெண்டர் காற்றால் குளிரும் வண்டி. சாலையில் நாற்பதில் போனால் சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின் தகடுகளுக்கு இடையே காற்று புகும். சித்திரை மாதத்தில் பின்னால் ஒரு மூட்டையுடன் வரப்பில் முதல் கியரில் ஊர்ந்தால் எங்கிருந்து காற்று வரும்? பழைய ஜப்பானியக் கையேடுகள் பலவற்றில், எந்த வெப்பநிலைக்கு எந்த எண்ணெய் என்று ஒரு பட்டைப் படமே போட்டிருப்பார்கள். வெயில் ஏற ஏற அதில் கெட்டியான எண்ணெயே இடம்பெறும். ஒரே தர எண்ணை மட்டும் அச்சிட்டுவிட்டுப் போவது மைலேஜ் கணக்குக்காக வந்த வழக்கம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது செய்தி, வண்டியின் வயது. எழுபதாயிரம் ஓடிய இன்ஜினில் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். மெல்லிய எண்ணெய் மேலே ஏறி எரிந்து, 900 மி.லி. ஊற்றியது இரண்டு மாதத்தில் அறுநூறாகிவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளாக இன்ஜின் பிரிக்கிறேன். சீஸ் ஆகி, அதாவது இன்ஜின் இறுகி நின்று, என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் தவறான எண் ஊற்றியதால் வந்தது என்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் எண்ணெய் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தால் நுனியில் ஈரமே இருக்காது. அளவு பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு, குறையாமல் நிற்கும் எண்ணெயே நல்ல எண்ணெய். 20டபிள்யூ-50 சற்று மிகைதான்; 20டபிள்யூ-40 ஊற்றுங்கள் என்பேன்.

கோட்டூர் உழவர்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று புரியவில்லை. டிராக்டருக்கு வாங்கும் 15டபிள்யூ-40 டீசல் இன்ஜின் ஆயில் வாளியில் எப்போதும் மீதி இருக்கும். நான்கு ஆண்டுகளாக அதைத்தான் என் வண்டிக்கும் ஊற்றுகிறேன். டிராக்டரையே தாங்கும் எண்ணெய் நூறு சிசியைத் தாங்காதா?

வலங்கைமான் பயிற்றுநர்

கோட்டூர் நண்பருக்கு: உங்கள் கிளட்ச் வழுக்காமல் இருப்பது தற்செயலன்று. காரில் கிளட்ச் தனியே, உலர்வாக இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. பெட்ரோல் கார்களுக்கான எண்ணெய்களில், குறிப்பாக எரிபொருள் சிக்கனம் என்று டப்பாவின் பின்புற முத்திரையில் போட்டவற்றில், உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள்கள் கலந்திருக்கும். அவை கிளட்ச் பிளேட்டின் பிடியைத் தளர்த்தும். டீசல் எண்ணெயில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை, அதனால் பிழைத்தீர்கள். ஆனால் கரியைக் கழுவுவதற்காக அதில் சேர்க்கும் பொருள்கள் மிகுதி; அவை எரிந்தால் சாம்பலாகும். உங்கள் இன்ஜின் எண்ணெயை எரிக்கத் தொடங்கினால் அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படியும்.

இதற்காகவே ஜப்பானியரின் வாகனத் தர அமைப்பான ஜாசோ 1998இல் டி903 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. கிளட்ச் பிடிக்க வேண்டிய வண்டிக்கு எம்ஏ, உராய்வு குறைந்த எண்ணெய்க்கு எம்பி. பின்னர் எம்ஏ பிரிவையே எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். பிடி கூடியது எம்ஏ2. தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 விழுக்காடு இருக்க வேண்டும் என்றும் அந்தத் தரம் வரையறுக்கிறது. டப்பாவின் முகப்பில் உள்ள பந்தயக்காரர் படத்தைப் பார்ப்பவர்கள், பின்புறத்தில் பொடி எழுத்தில் உள்ள ஜாசோ கட்டத்தையும் பார்க்க வேண்டும்.

நீடாமங்கலம் பணிமனை

இதில் ஐயாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஒருவர் தம் கார் எண்ணெயில் மீந்ததை வண்டிக்கு ஊற்றிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியிருக்கிறார், எந்தக் குறையும் தெரியவில்லை. நம் பகுதியில் மேடு ஏது? தஞ்சாவூர் போகும் வழியில் ரயில்வே மேம்பாலம் ஏறும்போதுதான் இன்ஜின் கத்தியிருக்கிறது, வண்டி நகரவில்லை. பிளேட்டைக் கழற்றினால் கண்ணாடி போல மினுமினுத்தது. சமவெளியில் ஓட்டுபவர்களுக்குக் கிளட்ச் வழுக்குவது கடைசியில்தான் தெரியும்.

சீர்காழி ஆசிரியை

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. என் ஸ்கூட்டர் எண்ணெய் டப்பாவில் எம்பி என்றுதான் இருக்கிறது. அது தவறா?

வலங்கைமான் பயிற்றுநர்

தவறில்லை, அம்மா. ஸ்கூட்டரில் கிளட்ச் எண்ணெயில் நனைவதில்லை. கியர் எண்ணெயும் தனி. உங்களுக்கு எம்பிதான் பொருத்தம்.

பணிமனை நண்பருக்கு ஒன்று. எண்ணெய் எரிவதைக் கெட்டியான எண்ணெயால் மறைப்பது, ஓட்டைக் கூரைக்குக் கீழே பெரிய அண்டா வைப்பது போன்றது. எண்ணெய் எங்கே போகிறது என்று பார்க்காமல் தர எண்ணை மட்டும் மாற்றினால், ஓராண்டு கழித்து 50இலும் புகை வரும். அப்போது எதை ஊற்றுவீர்கள்?

நீடாமங்கலம் பணிமனை

அண்டா வைத்தாவது மழைக்காலத்தைக் கடத்துபவர்கள்தானே இங்கே மிகுதி, ஐயா. ரிங்கை மாற்றிச் சிலிண்டரைக் கடையும் போர் வேலைக்கான செலவை மேட்டூர் திறந்து நடவு நடக்கும் ஆனி, ஆடியில் யாரிடம் கேட்பது? அறுவடைப் பணம் வரும்வரை வண்டி பால் ஊற்றியாக வேண்டும். ஆனால் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்பது நியாயமான பேச்சு. பாமணிக்கரை நண்பர் நாளைக் காலை மூன்று காரியம் செய்யட்டும். வண்டியைச் சமதளத்தில் மையத் தாங்கியில் நிறுத்தி, இன்ஜினை மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மூன்று நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்துச் செருகிப் பார்க்க வேண்டும். மரையைத் திருகக் கூடாது, வெறுமனே உட்கார வைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பிறகு எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புகை எப்போது வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

பாமணிக்கரை

பார்த்தேன். இதுவரை திருகித்தான் பார்த்துவந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். திருகினால் இரண்டு கோடுகளுக்கு நடுவே காட்டியது. வெறுமனே வைத்து எடுத்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது. எண்ணெய் மாற்றி 1,400 கி.மீ.தான் ஆகிறது. நிறம் கறுப்பு, வெண்மை இல்லை. ஆனால் விரலில் தேய்த்து முகர்ந்தால் இலேசாகப் பெட்ரோல் வாடை. புகை காலையில் முதலில் கிளப்பும்போது நீலமாக ஒரு மூச்சு வருகிறது. பிறகு, பால் கேனோடு கரை ஏறும்போதுகூட, இல்லை.

நீடாமங்கலம் பணிமனை

கிளப்பும்போது மட்டும் புகைந்து, சுமையில் புகையாவிட்டால் ரிங்கை உடனே குறை சொல்ல முடியாது. வால்வு வழியே எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் இறுகிப்போயிருக்கும். இரவெல்லாம் சொட்டியது காலையில் எரிகிறது. ஹெட் மட்டும் இறக்கினால் போதும், போர் வேலை இல்லை. பெட்ரோல் வாடைக்கு, கிளப்பும்போது பெட்ரோல் கலவையைக் கூட்டும் சோக் அரைகுறையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வலங்கைமான் பயிற்றுநர்

பெட்ரோல் கலந்தால் 50 என்று ஊற்றியதுகூட 50ஆக நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீல் மாற்றிய பின் 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ. செயற்கை எண்ணெய் தேவையில்லை, 2,500 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றும் நூறு சிசிக்கு மினரல் எண்ணெயே நிறைவு.

நீடாமங்கலம் பணிமனை

சீல் மாற்றுவதோடு உடன்படுகிறேன், எண்ணோடு இல்லை. 20டபிள்யூ-40, எம்ஏ என்பதே என் பேச்சு. பழைய எண்ணெயை டிரெயின் செய்யும்போது அடியில் உள்ள அலுமினிய வாஷரை மறக்காமல் மாற்றச் சொல்லுங்கள். காலி டப்பாவைக் கிழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அதுவே மறுபடி நிரம்பிக் கடைக்கு வரும். கழிவு எண்ணெயை வாய்க்காலில் விடவேண்டாம்.

பாமணிக்கரை

ஞாயிற்றுக்கிழமை ஹெட் இறக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் முறை 10டபிள்யூ-30 ஊற்றி, வாரம் ஒருமுறை திருகாமல் அளந்து, 1,000 கி.மீ.க்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதுகிறேன். நூறு மி.லி.க்கு மேல் குறைந்தால் அடுத்த டப்பா நீடாமங்கலத்தார் சொன்னது.