கவர்மெண்ட் ஏஜென்சியில சீனியர் லோஜிஸ்டிக்ஸ் மேனேஜர் வேலை, போகலாமா வேணாமா?

பாயான்லெப்பாஸ்_பையன்:
வணக்கம் எல்லாருக்கும். நான் பினாங்குல ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில லோஜிஸ்டிக்ஸ் பாக்குறேன், பெரும்பாலும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி சரக்கு, ஏர்போர்ட், பட்டர்வொர்த் கண்டெய்னர் டெர்மினல், சிலது லோரியில போர்ட் கிள்ளான் வரைக்கும் போகும். இப்போ கேஎல்ல (கோலாலம்பூர்) ஒரு ஃபெடரல் ஏஜென்சியில சீனியர் லோஜிஸ்டிக்ஸ் மேனேஜர் போஸ்ட்டுக்கு ரெண்டாவது இண்டர்வியூ கூப்பிட்டிருக்காங்க, காண்ட்ராக்ட் தான், நிவாரணப் பொருள் ஸ்டோர், வண்டிங்க, மாநில டெப்போ எல்லாமே ஒரே ஆளு கீழ வருதாம். ஏஜென்சி பேரு வேணாம். சம்பளம் இப்ப வாங்குறத விட கொஞ்சம் கம்மி. அம்மா "கவர்மெண்ட் வேலைடா, என்னடா யோசனை"ங்கிறாங்க, வீட்டுக்காரி "உங்க அவசரத்துக்கு அங்க பைத்தியம் புடிச்சிரும்"ங்கிறா. உள்ள இருந்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன், ஒரு லோரி கூப்பிடவே மூணு கையெழுத்து வேணுமாமே, நெசமா? மலாய் நல்லா பேசுவேன், சூராட், அதான் ஆபீஸ் கடிதம், எழுதணும்னா தான் கை நடுங்குது.

செந்தூல்_அண்ணன்:
தம்பி, நான் ரிட்டயர் ஆயிட்டேன், அதனால தாராளமா சொல்லலாம். லோரி கூப்பிடுறது ஒரு விஷயமே இல்ல, டிரான்ஸ்போர்ட்டுக்கு வருஷ காண்ட்ராக்ட் இருந்துச்சுன்னா எல்ஓ (லோக்கல் ஆர்டர், கவர்மெண்ட் குடுக்குற ஆர்டர் பேப்பர்) போட்டதும் வண்டி வந்து நிக்கும். உங்களப் போட்டு வாட்டப் போறது காலண்டர் தான்.

எப்படின்னா, கவர்மெண்ட் கணக்கு ஜனவரியில தொறந்து டிசம்பர்ல மூடும். காசு வருது, அப்புறம் ஸ்பெக் எழுத ஒரு கமிட்டி, வந்த விலைய பாக்க இன்னொரு கமிட்டி, 50,000 வெள்ளிக்குள்ளன்னா (ரிங்கிட்) நேரடியா வாங்கலாம், அதுக்கு மேல போச்சுன்னா செபுத் ஹார்கா (பல பேர்கிட்ட விலை கேட்டு வாங்குறது), இன்னும் பெருசுன்னா டெண்டர், எல்லாம் ஈபெரோலேஹான்ல (கவர்மெண்ட் கொள்முதல் வெப்சைட்) ஏத்தணும், நடுவுல புவாசா (நோன்பு மாசம்), ராயா (பெருநாள்), பாதி ஆபீஸ் லீவு. வருஷக் கடைசியில எல்ஓ போடுறத நிறுத்திருவாங்க. சரியா அந்த நேரத்துல தான் கிழக்குக் கரையில மழை, நவம்பர்ல ஆரம்பிச்சா மார்ச் வரைக்கும் பருவக்காத்து. அப்போ கிளந்தான், திரெங்கானு டெப்போவுல அக்டோபருக்குள்ள பாய், கம்பளி, பிஸ்கட், பாம்பர்ஸ் எல்லாம் ரேக்குல இருக்கணும். அதுக்கு பேப்பர் மார்ச், ஏப்ரல்லயே ஓடணும். அந்த வெயில்ல போய் வெள்ளத்துக்கு பொருள் வாங்கணும்னு நீங்க நின்னீங்கன்னா "இப்ப என்ன அவசரம்"னு தான் கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வருஷமும் சலிக்காம பதில் சொல்றது தான் சீனியர் மேனேஜர் வேலை, மத்தத உங்க கிளார்க்கே பாத்துப்பாங்க.

2014 டிசம்பர் ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. குவாலா கிராய் பக்கம் ரோடே தண்ணிக்குள்ள போயிருச்சு, இங்க கேஎல்ல எத்தன லோரி வச்சிருந்து என்ன பண்ண, உள்ள முன்னாடியே போய் சேந்தது தான் பொருள், மிச்சத்த படகுலயும் ஹெலிகாப்டர்லயும் கொஞ்சம் கொஞ்சமா கொண்டு போனாங்க. மேற்குப் பக்கம் சேஃப்னு நெனைக்காதீங்க, உங்க பினாங்கு 2017 நவம்பர்ல முங்குனத நீங்களே பாத்திருப்பீங்க.

இன்னொன்னு, ப்ரைவேட்ல இருந்து வர்றவங்க முதல் மாசமே மாட்டிக்கிறது இதுல தான். கெடா, கிளந்தான், திரெங்கானுல வெள்ளி சனி லீவு. ஜொகூர் 2025 ஜனவரியில சனி ஞாயிறுக்கு மாறிருச்சு, இவங்க மாறல. வியாழக்கிழமை சாயங்காலம் இங்கேருந்து லோரிய அனுப்புனீங்கன்னா வெள்ளிக்கிழமை விடியக்காலையில கோத்தா பாருல பூட்டுன கேட்டு முன்னாடி நிக்கும், டிரைவர் உங்களுக்கு தான் போன் போடுவான். கேஎல்லயும் கோத்தா பாருலயும் ஒரே நேரத்துல ஆபீஸ் தொறந்திருக்கிறது திங்கள்லேருந்து வியாழன் வரைக்கும் தான்.

சூராட் பயம் வேணாம். "பெர்காரா டி அத்தாஸ் அடாலா டிருஜோக்" (மேல சொன்ன விஷயம் சம்பந்தமா)னு தான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க, பழைய ஃபைல்ல ஒன்னு எடுத்து தேதியையும் தலைப்பையும் மாத்துங்க, போதும். நெசமா அப்படித்தான் நடக்குது.

பிறை_டிரான்ஸ்போர்ட்:
நான் வெளிய இருக்குற ஆளு ப்ரோ, சொந்தமா சின்ன லோரி ரெண்டு மூணு ஓட்டுறோம், கவர்மெண்ட் ஜாப்பும் எடுக்குறோம். பேமெண்ட் 14 நாள்ல குடுக்கணும்னு பெர்பெண்டஹாரான் (கவர்மெண்ட் கருவூலம்) ரூல்லயே இருக்கு, ஆனா அந்த 14 நாள் எண்ண ஆரம்பிக்கிறது டாக்குமெண்ட் முழுசா கையில கிடைச்ச நாள்லேருந்து, அதுல தான் கதையே. ஒரு ஆபீஸ்ல, பேரு வேணாம், சரக்கு எறக்கி டீஓவுல (டெலிவரி ஆர்டர், சரக்கு கூட வர்ற பேப்பர்) சாப் (முத்திரை) வாங்கி எல்லாம் முடிஞ்சு, இன்வாய்ஸ்ல எல்ஓ நம்பர் ஒரு எழுத்து தப்புன்னு அப்படியே ஓரமா வச்சிட்டாங்க, எங்களுக்கு யாரும் சொல்லல, நாங்களா போன் பண்ணி பண்ணி தான் கண்டுபுடிச்சோம், அதுக்குள்ள டீசல் காசு, டோல், டிரைவர் சம்பளம், கெலிண்டான் (லோரி உதவியாள்) சம்பளம் எல்லாம் கைக்காசு. நீங்க அந்த நாற்காலியில போய் உக்காந்தா தயவு செஞ்சு பில்லு எங்க நிக்குதுன்னு வாரம் ஒரு தடவ கேளுங்க ப்ரோ. உங்களுக்கு அஞ்சு நிமிசம், எங்களுக்கு வண்டி இன்ஸ்டால்மெண்ட்.

அப்புறம் தீபாவளிக்கு ஹாம்பர் வரும் பாருங்க, வாங்காதீங்க. நானே கொண்டு வந்தாலும் வாங்காதீங்க 😅

ஸ்டோர்_அக்கா:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா பெரிய போஸ்ட்டுல இருந்தவங்க காலண்டர் பத்தி பேசுவாங்க, நாங்க ஸ்டோர்ல நிக்கிறவங்க, எங்களுக்கு வேற கவலை. நான் கேஎல் பக்கம் ஒரு ஏஜென்சி ஸ்டோர்ல ஸ்டோர்கீப்பர்.

போன மாசம் நடந்தத சொல்றேன். சாயங்காலம் ஆபீஸ் முடியுற நேரத்துல மினரல் வாட்டர் லோரி வருது, டீஓவுல 500 கார்ட்டன், நான் பாலெட் பாலெட்டா எண்ணுறேன், 488 தான் இருக்கு, அதுல ஆறு கார்ட்டன் அடியில நசுங்கி ஈரம். டிரைவர் பாவம், "கையெழுத்து போடுங்கக்கா, மிச்சத்த நாளைக்கு கொண்டு வந்துர்றேன்"ங்கிறான். மேல இருந்து வேற போன், "தெரிமா சாஜா லா"ன்னு, அதாவது சும்மா வாங்கிக்கோன்னு. நான் போடல. டீஓவுலயே குறைச்சல எழுதி, நசுங்குனதுக்கு கியூ பிஎஸ்-2 (சரக்க மறுக்குற பாரம்) போட்டு, கையில இருக்குற 482க்கு மட்டும் கியூ பிஎஸ்-1 (சரக்கு வாங்குன பாரம்) எழுதுனேன். ஏன்னா அந்தப் பாரத்துல இருக்குறது என் பேரு, நாளைக்கு ஆடிட் வந்து ஸ்டாக் கார்டையும் ரேக்கையும் ஒன்னா வச்சுப் பாத்தா போன் பண்ணவர் வந்து நிக்க மாட்டார். தம்பி, நீங்க அந்த போன் பண்ற ஆளா ஆயிராதீங்க, அவ்ளோ தான் நான் கேக்குறது.

ப்ரைவேட்லேருந்து வர்றவங்களுக்கு இன்னொரு பழக்கம் இருக்கு, 80,000 வெள்ளிக்கு பாய் வாங்கணுமா, ரெண்டா பிரிச்சு 40,000 40,000ன்னு நேரடியா வாங்கிரலாம், வேகமா முடிஞ்சிரும்ல, அப்படிம்பாங்க. அது தான் பெச்சா கெச்சில் (ரூல்லேருந்து தப்பிக்க சின்னதா பிரிக்கிறது), ஆடிட் முதல்ல தேடுறதே அத தான்.

பிஸ்கட், பால் மாவு இதெல்லாம் மாசோக் டூலூ கெலுவார் டூலூ, முதல்ல வந்தது முதல்ல வெளிய போகணும். புது சரக்க முன்னாடி அடுக்கிட்டு போயிட்டா பழசு சுவத்தோரமா எக்ஸ்பைரி ஆகிக் கெடக்கும், அப்புறம் லுப்புஸ் பண்ண (கணக்குலேருந்து கழிச்சு அப்புறப்படுத்த) தனி கமிட்டி. ஸ்டோர் ஒழுங்கா, ஏஜென்சி ஒழுங்கான்னு தெரியணும்னா அந்தச் சுவத்தோரத்த தான் போய் பாக்கணும்.

பாயான்லெப்பாஸ்_பையன்:
அண்ணே, அக்கா, ப்ரோ, ரொம்ப நன்றி. ரெண்டே கேள்வி. நெசமாவே வெள்ளம் வந்து நிக்கிறப்போ கூட செபுத் ஹார்கா போட்டுட்டு காத்துக்கிட்டு இருக்கணுமா? அம்மா பென்ஷன் பென்ஷன்னு சொல்றாங்களே, அது எனக்கு வருமா?

செந்தூல்_அண்ணன்:
வெள்ளம் வந்தா காத்திருக்க வேணாம், ஏபி 173.2ன்னு கருவூல ரூல் ஒன்னு இருக்கு, அவசரக் கொள்முதல், முதல்ல வாங்கலாம், அப்புறம் ஏன் வாங்குனீங்க, எவ்வளவு, யார்கிட்டன்னு ரிப்போர்ட் குடுக்கணும். ஆனா அது உயிருக்கு ஆபத்து, தாமதமானா பெரிய நட்டம்ங்கிற மாதிரி நேரத்துக்கு மட்டும். ஏப்ரல்ல தூங்கிட்டு நவம்பர்ல இத தூக்கிட்டு வந்தா மாட்டுவீங்க. போன்ல சொன்னது எல்லாத்தையும் அன்னைக்கே வாட்சாப்லயாச்சும் எழுதி வாங்கி வைங்க.

பென்ஷன் வராதுப்பா. நீங்க காண்ட்ராக்ட், அது போக 2024 பிப்ரவரியிலேருந்து புதுசா நிரந்தரமா சேர்றவங்களுக்கே பழைய பென்ஷன் கிடையாது, ஈபிஎஃப் (சேமநிதி) தான். அம்மாகிட்ட பக்குவமா சொல்லுங்க. என்னக் கேட்டா போங்கன்னு தான் சொல்லுவேன், சம்பளத்துக்காக இல்ல, போர்ட் தெரிஞ்சவங்க இந்த மாதிரி எடத்துல ரொம்ப கம்மி. ஆனா டெப்போக்காரங்க உங்களுக்கு கீழ வர்றாங்களா இல்ல மாநில பெங்காரா (டைரக்டர்) கீழயான்னு இண்டர்வியூலயே கேட்டுருங்க. அவர் கீழன்னா உங்க கையில ஒன்னும் இல்ல, எல்லாத்துக்கும் கெஞ்சிக்கிட்டு தான் இருக்கணும்.

பாயான்லெப்பாஸ்_பையன்:
அத கண்டிப்பா கேக்குறேன் அண்ணே. அக்கா சொன்னத வச்சு, ஸ்டோர ஒரு தடவ பாக்கலாமான்னு ஈமெயில் போட்டேன், புதன்கிழமை வர சொல்லிருக்காங்க.

ஸ்டோர்_அக்கா:
ஷூ போட்டு போங்க, செருப்புல போனா ஃபோர்க்லிஃப்ட்காரன் உள்ள விட மாட்டான். காலையிலேயே போயிருங்க, மத்தியானம் சரக்கு எறங்குற நேரம், யாருக்கும் உங்ககூட பேச நேரம் இருக்காது.