ஆற்றைக் கடக்கும் பாதை: போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

நானும் என் மனைவியும் அடுத்த வாரம் ஒரு நாள் நடை போகிறோம். மொத்தம் 14 கி.மீ., முதல் பாதி அடர்ந்த காட்டுக்குள் 600 மீட்டர் ஏற்றம், அப்புறம் இறங்கி ஆற்றை ஒட்டியே திரும்பும் பாதை. மணிக்கு 5 கி.மீ., 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்குப்படி நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அது நிற்காமல் நடப்பவர்களுக்கு. இவள் ஒவ்வொரு பறவைக்கும் நிற்பாள், நான் ஒவ்வொரு பாறையிலும் உட்காருவேன். ஏழு மணி நேரம் ஒதுக்கினால் போதுமா?

உண்மையான பயம் ஆறுதான். ஓரிடத்தில் பாலம் இல்லை, தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும். போன முறை ஒரு ஓடையில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கி, பாசியில் வழுக்கி, முழங்கால் கிழிந்ததோடு போனும் போச்சு. ஷூவோடு இறங்க வேண்டும், பையின் இடுப்புப் பட்டையை முன்பே அவிழ்த்துவிட வேண்டும், வேகமான தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் திரும்பிவிட வேண்டும் என்பதெல்லாம் இப்போது தெரியும். இரண்டே பேர் என்றால் எப்படிக் கடப்பது, ஒருவர் பின் ஒருவராகவா, கை கோத்தா? இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்கிறாள் இவள், எனக்கென்னவோ ஒருவர் விழுந்தால் அதுவே இருவரையும் இழுத்து முக்கிவிடும் என்று தோன்றுகிறது. மேலே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறுமாம், தண்ணீர் கலங்குவதும் சருகு மிதந்து வருவதும் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

காட்டில் காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு என்ன செய்வீர்கள் என்பதையும் அப்படியே சொல்லிவிடுங்கள்.