துறை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தவர்கள், வாங்கியவர்கள்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

இயற்பியல் 98:
எம்.எஸ்சி. படித்த பல்கலைக்கழகத் துறைக்கு எங்கள் செட் சார்பாக இரண்டு லட்சம் சேர்த்துவிட்டோம். எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சண்டை. ஒரு கட்சி, மறைந்த பேராசிரியர் பெயரில் முதல் மதிப்பெண்ணுக்குத் தங்கப் பதக்கம் என்கிறது. இன்னொரு கட்சி, கஷ்டப்படுகிற பிள்ளைக்குக் கொடு என்கிறது. ஏற்கெனவே செய்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அறக்கட்டளை என்று எழுதிக் கொடுத்தால் முதல் தொகை அப்படியே வைப்பு நிதிக்குப் போய்விடும், வட்டியை மட்டும்தான் எடுக்கலாம். 1990களில் ஒருவர் எங்கள் துறைக்குப் பத்தாயிரம் போட்டார். அப்போது வட்டி பத்து சதவீதத்துக்கும் மேல். வருஷம் ஆயிரம் ரூபாய் என்றால் நல்ல தொகைதான். 2020இல் ஸ்டேட் வங்கியில் ஐந்து வருட வைப்புக்கே 5.4 சதவீதம். விழாவில் நன்கொடையாளரின் குடும்ப வரலாற்றை வாசித்து, வாரிசுக்குப் பொன்னாடை போர்த்தி, மாணவன் கையில் ஐந்நூறு ரூபாய் கவர் கொடுத்தோம். அந்தப் பொன்னாடைக்கே அதற்கு மேல் ஆகியிருக்கும். பையன் மேடையிலிருந்து இறங்கியதும் கவரை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

உங்கள் இரண்டு லட்சத்துக்கு 6.5 சதவீதம் என்றாலும் வருஷத்துக்குப் பதின்மூன்றாயிரம்தான். பதக்கம் வாங்குகிறவனுக்கு எப்படியும் நாலு இடத்தில் கிடைக்கும். பிள்ளைகள் மாட்டிக்கொள்வது மெஸ் பாக்கியிலும் தேர்வுக் கட்டணத்திலும். தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் இளநிலையோடு நின்றுவிடுகிறது. பல்கலைக்கழகத் துறைகளில் இருப்பதோ பெரும்பாலும் முதுநிலை. முதல் தொகையையே நாலைந்து வருஷத்தில் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள் என்பேன்.

மெஸ் பில்:
நான் வாங்கின பக்கம். குடும்ப வறுமையை விவரித்து ஒரு பக்கக் கடிதம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். சரி, அது அவர்கள் ஃபைலுக்கு. விழாவில் மைக்கில் “ஏழை மாணவி” என்று அடைமொழியோடு கூப்பிட்டார்கள். கூட்டத்தில் என் ஜூனியர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வருஷம் நான் விண்ணப்பிக்கவே இல்லை. கடைசி செமஸ்டரில் மெஸ் பாக்கி ஏறி நின்றபோது, சீனியர்கள் யாரோ விடுதி அலுவலகத்தில் நேராகக் கட்டிவிட்டார்கள். கிளார்க் அக்கா என்னைக் கூப்பிட்டு ரசீதை மட்டும் கையில் கொடுத்தார். என் பெயர், அறை எண், தொகை. கட்டினவர் பெயர் இல்லை. இன்றுவரை தெரியாது.

ஆடிட்டர் தம்பி:
நேராக மெஸ் பில் கட்டினால் நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு கிடைக்காது அண்ணா. அங்கீகாரம் உள்ள நிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் உண்டு, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கழிவு இல்லை.

டல்லாஸ்காரன்:
இன்னொன்று. எங்கள் செட்டில் பாதிப் பேர் அமெரிக்காவில். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. குடியுரிமை மாறிவிட்டால், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாத பழைய மாணவர் சங்கம் அதைத் தொடக் கூடாது. நாங்கள் முதலில் இதைப் பிரித்துக்கொண்டுதான் வசூலே ஆரம்பித்தோம்.

இயற்பியல் 98:
நன்றி. பதக்கக் கட்சி கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது: பதக்கம் வெள்ளியில், மிச்சம் மெஸ்ஸுக்கு. யாருக்குத் தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது? துறைத்தலைவரைக் கேட்கலாமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அவரிடம் அனுமதி வாங்குங்கள், ஆனால் தலைவர் பதவி சுழற்சியில் மாறிவிடும். பாக்கிப் பட்டியல் விடுதி அலுவலகத்தில் இருக்கும். நவம்பர் தேர்வுக்குக் கட்டணம் கட்டும் கடைசித் தேதி அதற்கு முன்பே வந்துவிடும், செப்டம்பரிலேயே ஒரு நடை போய் வாருங்கள்.