‘ட்ராப் லீஃப்’ என்ற ஜமைக்கப் பின்னணி இசை முதன்முதலில் உங்கள் காதில் விழுந்தது எப்போது?

2005 கடைசி. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. என்னோடு வேலை செய்த ஜமைக்காக் கிங்ஸ்டன்காரர் ஒருவர், என் அப்பா வயது இருக்கும், சிடி பிளேயரைப் போட்டுவிட்டுத்தான் பெட்டிக்கு டேப் ஒட்டவே தொடங்குவார். அன்றைக்கு ஷான் பால் பாடிய ‘நெவர் கொன்னா பி த சேம்’ ஓடியது. இறந்துபோன நண்பனை நினைத்துப் பாடிய பாட்டு. அடுத்து டி.ஓ.கே. குழுவின் ‘ஃபுட்பிரின்ட்ஸ்’. அதற்கடுத்து ஜா கியூரின் ‘லாங்கிங் ஃபார்’. அந்த மூன்றாவது பாட்டில்தான் எனக்கு உறைத்தது. குரல் மாறுகிறது, சொல் மாறுகிறது, அடியில் போகிற பாஸ் கிட்டார் மட்டும் மாறவே இல்லை. அதே ஆறுதலான நடை, கிட்டாரைச் சட்டென்று அடித்து நிறுத்துகிற அந்த வெட்டு விழுவதும் அதே இடத்தில்.

சிடி பழுதா என்று கேட்டேன். அவர் டேப்பைக் கீழே வைத்தார். இது ஒரு ரிதிம், பெயர் ‘ட்ராப் லீஃப்’, செய்தவர் டான் கார்லியோன் என்றார். தயாரிப்பாளர் பின்னணி இசையை மட்டும் செய்து பல பாடகர்களுக்குக் கொடுப்பாராம். ஜமைக்காவில் இது காலங்காலமாக நடப்பது, யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. நம்மிடம் காவடிச்சிந்து மெட்டை எடுத்து ஆளாளுக்குப் புதுச் சொல் போடுவோம் இல்லையா? அங்கே மெட்டும் அவரவருடையது, தரை மட்டும் பொது.

அப்புறம் ஜா கியூர் அப்போது சிறையில் இருக்கிறார் என்றும் சொன்னார் (2007இல்தான் வெளியே வந்தார்). அதைக் கேட்ட பிறகு அந்த ஏக்கப் பாட்டை வேறு வேலை செய்துகொண்டே கேட்க என்னால் முடியவில்லை. டேப்பைப் பிடித்தபடி நின்றேன்.

*

அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்தேன். எனக்கு இந்த ரிதிம் விஷயம் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்து சேர்ந்தது. நான் லண்டன். ஜமைக்காவின் ரெகே இசை வந்த பழைய 7 அங்குலத் தட்டுகளில் முன்பக்கம் பாட்டு, பின்பக்கம் பெரும்பாலும் குரலை எடுத்துவிட்ட ‘வெர்ஷன்’. அப்படித்தான் ‘ரியல் ராக்’ ரிதிமைப் பிடித்தேன். 1967இல் ஸ்டூடியோ ஒன் என்ற ஜமைக்க ஒலிப்பதிவு நிறுவனத்துக்காக சவுண்ட் டைமென்ஷன் குழு வாசித்தது. சுமார் பத்து வருடம் கழித்து பாடகர் வில்லி வில்லியம்ஸ் அதன் மேலேதான் ‘அர்மகிடியன் டைம்’ பாடினார். இன்னும் எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள்.

மகள் பிறந்து மூன்றாம் மாதம், இரவில் தூங்கவே மாட்டாள். சத்தத்தைக் குறைத்து வெர்ஷனை ஓடவிட்டு, தோளில் போட்டு நடப்பேன். பாஸ் நடக்கிற வேகமும் என் கால் நடக்கிற வேகமும் ஒன்றாகிவிடும். ஒரு நாள் என்னை அறியாமலே வாயில் வந்தது அம்மாவின் ‘ஆராரோ ஆரிரரோ’. இழுக்கிற இடத்தில் இழுத்தேன், கிட்டார் வெட்டு இடையில் வந்து விழுந்தது, இடறவே இல்லை. தட்டு முடிந்ததும் ஊசியைத் திரும்ப முதலில் வைத்தேன்.