பழைய யான்மார் இன்ஜின் சூடாகுது, கருப்புப் புகை வேற, எங்கேருந்து பார்க்க ஆரம்பிக்கிறது?

உப்புக்காத்து:
வணக்கம், புதுச்சேரி தேங்காய்த்திட்டு பக்கம் கட்டியிருக்கற பாய்மர போட்டுல பழைய யான்மார் 2ஜிஎம்20, ரெண்டு சிலிண்டர், கடல் தண்ணியே நேரா உள்ள போய் கூல் பண்ற டைப். ஐடில்ல எவ்ளோ நேரம் வேணா ஓடுது, ஆனா முகத்துவாரம் தாண்டறதுக்காக ஆர்பிஎம் ஏத்தினா கொஞ்ச நேரத்துலயே டெம்பரேச்சர் அலாரம் கத்துது, பின்னாடி கருப்பா புகை, இழுவையும் இல்ல. கடல் தண்ணியை இழுக்கற பம்புல இருக்கற ரப்பர் இம்பெல்லர் புதுசு, பெல்ட்டும் டைட்டா இருக்கு. மெக்கானிக் ஒருத்தர் தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறினா திறந்து தண்ணிக்கு வழி விடற வால்வு) கழட்டிப் போடுங்கறாரு, செய்யலாமா? வாடைக் காத்து நேரத்துல அந்த மணல் திட்டுகிட்ட இன்ஜின் நின்னுட்டா பாய் ஏத்தி சமாளிக்கக்கூட இடம் கிடையாது, அதான் பயமா இருக்கு.

ஓல்டுடவுன் டீசல்:
தெர்மோஸ்டாட்டை எடுக்காதீங்க தம்பி. உங்க டைப்ல அது 42 டிகிரிலயே திறக்க ஆரம்பிச்சிடும், ஏன்னா சூடு ரொம்ப ஏறினா உப்பு பிளாக்குக்குள்ளயே படிஞ்சிடும். எடுத்துட்டா இன்ஜின் எப்பவும் ஜில்லுனு ஓடும், டீசல் சரியா எரியாது, கரி இன்னும் சேரும். சந்தேகம்னா கழட்டி, பாத்திரத்துல தண்ணி வச்சு அடுப்புல சூடு பண்ணுங்க, திறக்குதா இல்லையான்னு கண்ணாலயே பாத்துக்கலாம்.

எனக்கு சந்தேகம் எக்ஸாஸ்ட் எல்போ மேலதான், அதாவது புகை வெளிய போற வளைவுக் குழாய். கூலிங் முடிச்சு வர்ற கடல் தண்ணி அங்கதான் சூடான புகையோட கலக்குது, அதனால உப்பும் கரியும் சேர்ந்து கல்லாட்டம் இறுகிடும், புகை வெளிய போக வழியில்லாம இன்ஜின் மூச்சு திணறும், தண்ணியும் கம்மியாதான் வரும். ஐடில்ல புகை கம்மி, அதனால ஒண்ணும் தெரியாது.

அரியாங்குப்பத்துக்காரன்:
எல்போவைக் கழட்றதுக்கு முன்னாடி போட்டுக்கு அடியில இருக்கற விசிறியை (ப்ரொப்பெல்லர்) பாருங்க ப்ரோ. இந்த ஆத்துத் தண்ணில கொஞ்ச நாள் கட்டியே வச்சிருந்தா போதும், விசிறி பூரா கொட்டலசுங்கற ஓட்டு உயிரி அப்பிக்கும், அதுவும் லோடு ஏத்தி இதே மாதிரி கருப்புப் புகையும் சூடும்தான் காட்டும். கட்டுன இடத்துலயே நியூட்ரல்ல வச்சு ஆர்பிஎம் ஏத்திப் பாருங்க, அங்க நல்லா ஏறி கியர்ல மட்டும் திணறினா முதல்ல விசிறி, நியூட்ரல்லயே ஏறலன்னா ஓல்டுடவுன் அண்ணன் சொன்னதுதான். பழைய இம்பெல்லர்ல இறக்கை ஏதாவது உடைஞ்சிருந்துச்சா? அந்த ரப்பர் துண்டு எங்கயும் போயிருக்காது, தெர்மோஸ்டாட் பக்கமோ வளைவுலயோதான் மாட்டியிருக்கும், அதைத் தேடி எடுக்காம புது இம்பெல்லர் போட்டு பிரயோஜனம் இல்ல.

உப்புக்காத்து:
நியூட்ரல்லயே ஏறல. எல்போவைக் கழட்டிட்டேன், உள்ள பென்சில் நுழையற அளவுக்குத்தான் ஓட்டை இருக்கு, மீதி பூரா கருப்பா இறுகிப் போயிருக்கு, ஸ்க்ரூடிரைவர் வச்சு குத்தினா பொறுக்கு பொறுக்கா உதிருது. ஆசிட் ஊத்தி கிளீன் பண்ணி மாட்டிடலாமா அண்ணே?

ஓல்டுடவுன் டீசல்:
முதல்ல சுரண்டுங்க, அப்புறம் வினிகர்ல ஊற வைங்க, ஆசிட்னா ரொம்பத் தண்ணி கலந்து, கையுறை போட்டு, காத்தோட்டமா வெளிய வச்சு. சுத்தம் ஆனதும் ஒண்ணை மட்டும் கவனமா பாருங்க: தண்ணிப் பாதைக்கும் புகைப் பாதைக்கும் நடுவுல இருக்கற சுவர். அது அரிச்சு ஊசி ஓட்டை விழுந்திருந்தாலும் அந்த எல்போ வேணாம், தண்ணி திரும்பி சிலிண்டருக்குள்ளயே இறங்கிடும், இன்ஜினே போயிடும். லேத் பட்டறைல குடுத்து எஸ்எஸ் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல அடிச்சு வாங்கிடுங்க, ஆனா ஏப்ரல் 15க்கு முன்னாடியே குடுங்க, மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் லாஞ்சு எல்லாம் ரிப்பேருக்குக் கரைலதான், எந்தப் பட்டறைலயும் ஆள் கிடைக்காது. மாட்டும்போது புது காஸ்கட் போடுங்க, பிளாக்ல அரிப்பைத் தான் வாங்கிக்கறதுக்காக இருக்கற ஜிங்க் துண்டையும் கையோட பாத்துடுங்க, பாதிக்கு மேல கரைஞ்சிருந்தா மாத்திடுங்க. அப்புறம் முதல் தடவை ஸ்டார்ட் ஆகலன்னா செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்காதீங்க, கடல் தண்ணி வால்வை மூடிட்டு அடிங்க, இல்லன்னா சைலன்சர் ரொம்பி தண்ணி சிலிண்டருக்குப் போயிடும். இன்ஜின் பிடிச்ச அடுத்த செகண்டே வால்வைத் திறந்துடணும், அதுக்கு ஒரு ஆளை வால்வுகிட்டயே உக்கார வைங்க.