தைராய்டு கண் நோய்: சி.டி. எடுத்தாயிற்று, எம்.ஆர்.ஐ.யும் எதற்கு?

காவேரிக்கரை:
அம்மாவுக்கு 54 வயது. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்கு ஒன்றரை வருடமாக கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு சரியாகிவிட்டது. ஆனால் நாலு மாதமாக இடது கண் பிதுங்கி நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் பஸ் போர்டு இரண்டாகத் தெரிகிறதாம். சி.டி.யில் கண் தசை பெருத்திருப்பதாக வந்தது. இப்போது எம்.ஆர்.ஐ.யும் வேண்டும் என்கிறார் டாக்டர். பெருத்திருப்பதுதான் தெரிந்துவிட்டதே? அந்தக் குழாய்க்குள் படுக்க அம்மா மிகவும் பயப்படுகிறார்.

மாடிவீடு:
தம்பி, 2021இல் நானும் இதையேதான் கேட்டேன். தசை பெருத்திருக்கிறது என்று சி.டி. சொல்லிவிடும். அது நீர் கோத்த வீக்கமா, இறுகித் தழும்பாகிப் போனதா என்பதைச் சொல்ல எம்.ஆர்.ஐ.தான் மேல். கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் 'ஸ்டிர்' படத்தில் நீர் கோத்த தசை வெள்ளையாகத் தெரியும், தழும்பு கறுப்பாகக் கிடக்கும். வீக்கத்துக்குத்தான் ஸ்டீராய்டு கேட்கும். தழும்புக்குக் கொடுத்தால் பக்கவிளைவுதான் மிச்சம்.

எனக்குக் கண் சிவப்பே இல்லை, அடங்கிவிட்டது என்றே நினைத்தேன். படத்தில் கண்ணுக்குக் கீழுள்ள தசை வெள்ளை வெளேரென்று இருந்தது. இந்த நோய் பெரும்பாலும் முதலில் பிடிப்பது அந்தத் தசையைத்தான். அது இறுகினால் கண்ணை மேலே போகவிடாது, அதனால்தான் அண்ணாந்தால் இரண்டாகத் தெரிகிறது. வாரம் ஒரு ஸ்டீராய்டு டிரிப், 12 வாரம்: முதல் ஆறு வாரம் 500 மி.கி., அப்புறம் 250. இப்போது நேராகப் பார்த்தால் ஒன்றாகத் தெரிகிறது, அண்ணாந்தால் இன்னும் கொஞ்சம் இரண்டுதான்.

ஒன்று மட்டும் இன்றே செய்யுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, சிவப்பான ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள். ஒரு கண்ணில் நிறம் வெளுத்துத் தெரிந்தால், பெருத்த தசைகள் பின்னால் பார்வை நரம்பை நெரிக்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும். அப்படியென்றால் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஸ்கேன்அறை:
எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன் நான். கண் மையை முழுக்கத் துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். சில மைகளில் இரும்புத் துகள் இருக்கும், படம் கண்ணருகிலேயே கெட்டுவிடும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் போல ஆகும், கண்ணை மூடி அசைக்காமல் இருக்க வேண்டும். கையில் பஸ்ஸர் கொடுப்போம், அமுக்கினால் உடனே வெளியே எடுத்துவிடுவோம். அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

காவேரிக்கரை:
குங்குமச் சிமிழைக் காட்டினேன் அக்கா. வலது கண்ணில் நல்ல சிவப்பு, இடது கண்ணில் காவி மாதிரி இருக்கிறது என்கிறார். டாக்டருக்குப் போன் போட்டுவிட்டேன், உடனே வரச் சொன்னார். கிளம்புகிறோம்.